கோபம் தோளில் உட்கார்ந்திருக்கிறதா?

பிள்ளை பிராக்ரஸ் ரிப்போர்ட்டை நீட்டியதுமே உங்கள் தோள் இறுகுதா? பல்லைக் கடிக்கிறீர்களா? வாய் திறக்கும் முன்பே உடம்பு சண்டைக்குத் தயார் என்று அர்த்தம். நாளாக நாளாக இதுவே பழக்கமாகிவிடும்.

தேவகோட்டையில் தோள்வலி என்று வருகிறவர்களிடம் இதைத்தான் முதலில் கேட்பேன். சித்த மருத்துவத்தில் இதற்குத் தொக்கணம் உண்டு. தட்டல், இறுக்கல், பிடித்தல் என ஒன்பது வகை. தசை தளர்ந்தால் மனமும் தளரும் என்பதை அமெரிக்க டாக்டர் எட்மண்ட் ஜேக்கப்சனும் 1929-ல் புத்தகமாகவே எழுதினார்.

வீட்டிலேயே செய்யுங்கள். தோள்களைக் காதுவரை உயர்த்தி 5 விநாடி இறுக்குங்கள். பிறகு மூச்சை மெதுவாக, நீளமாக விட்டபடியே தளர்த்துங்கள். காலை, இரவு ஐந்தைந்து தடவை. கோபமில்லாத நேரத்தில் பழகினால்தான் கோபத்தில் கைகொடுக்கும். பிள்ளையிடம் சொல்லும் முதல் வார்த்தையே மாறும்!

பி.பி. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். தோள்வலியோடு நெஞ்சுவலியும் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.