லண்டன் வீதிகளும் யந்திர உபாத்தியாயரும்

லண்டன் மாநகரில் கறுப்பு டாக்ஸி ஓட்ட லைசென்ஸ் கோருகிறவன் அந்நகரத்து வீதிகளை மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டுமென்ற விதி 1865-ஆம் ஆண்டு முதல் அமுலில் இருந்து வருகிறது. குதிரை வண்டிக் காலத்தில் ஏற்பட்ட விதி. குதிரை போய் மோட்டார் வந்தது. இப்பொழுது மோட்டாரிலும் எண்ணெய் போய் மின்சாரம் வந்துகொண்டிருக்கிறது. விதி மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. இப்பரீக்ஷைக்கு அவ்வூரார் இட்டிருக்கும் பெயர் ‘நாலெட்ஜ்’, அதாவது ‘அறிவு’. அடைமொழி ஒன்றும் கிடையாது. நம் வேதாந்திகள்கூட இவ்வளவு துணிச்சலாகப் பெயரிடத் தயங்குவார்கள்.

சமீப காலத்தில் இப்பரீக்ஷைக்குப் படிக்கிறவர்களுக்கென்றே கம்ப்யூட்டர் ஸாப்ட்வேர்கள் ஏற்பட்டிருக்கின்றன. டாக்ஸி ஓட்டப் பழகுகிறவன் வீட்டில் உட்கார்ந்தபடியே திரையில் நகரைக் கண்டு பாடம் படிக்கலாம். இதே சமயத்தில் வேறொரு வகை ஸாப்ட்வேரும் உலகமெங்கும் பரவி நிற்கிறது. ‘நீ வீதியை அறிய வேண்டிய அவசியமே இல்லை, இடது என்றால் இடது, வலது என்றால் வலது, நாம் சொல்லுகிறபடி திருப்பினால் போதும்’ என்று சாரதிக்கு உத்தரவிடுவது அது. இரண்டும் கைக்கடக்கமான ஒரே கண்ணாடித் திரையில் தோன்றுகின்றன. இரண்டிலும் ஒரே படம், ஒரே கோடுகள். ஆதலால் இரண்டும் ஒன்றே என்று பலர் மயங்குகின்றனர். நம் அபிப்பிராயத்தில் இவ்விரண்டுக்கும் உள்ள தூரம் உபாத்தியாயருக்கும் மேஸ்திரிக்கும் உள்ள தூரமாகும். தொழிலாளர் நலனில் சிரத்தையுள்ள நேயர்கள் இவ்வித்தியாசத்தைச் சற்று ஊன்றிக் கவனிக்க வேண்டுமென்று விரும்புகிறோம்.

முதலில் பரீக்ஷை எத்தன்மையது என்று பார்ப்போம். சேரிங் கிராஸ் என்ற இடத்தை நடுவாக வைத்து ஆறு மைல் ஆரத்தில் வட்டமிட்டால் அதனுள் அடங்கும் வீதிகள் சுமார் 25,000. அவற்றோடு ஆஸ்பத்திரி, கோர்ட்டு, நாடகக் கொட்டகை, ஹோட்டல், கிளப்பு, சிலை, சர்க்கார் ஆபீஸ் என்று எண்ணற்ற இடங்கள். இவற்றைக் கற்பதற்கு 320 வழிகள் கொண்ட ஒரு புஸ்தகம் உண்டு. அதில் முதலாவது வழி மானர் ஹவுஸ் ஸ்டேஷனிலிருந்து கிப்ஸன் ஸ்குவேர் வரையில் செல்வது. லண்டன் டாக்ஸிக்காரர் யாரை எழுப்பிக் கேட்டாலும் அந்த முதல் வழியைத் தூக்கத்திலும் ஒப்பிப்பார் என்பார்கள். நம் நாட்டுத் திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு அரிச்சுவடி எப்படியோ அவருக்கு அது அப்படி. வழியைக் கற்றால் மட்டும் போதாது. அது தொடங்குமிடத்தைச் சுற்றியும் முடியுமிடத்தைச் சுற்றியும் கால் மைல் தூரத்துக்குள் உள்ளவற்றையெல்லாம் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

மாணாக்கன் சிறிய மோட்டார் ஸைக்கிள் ஒன்றில், முன்புறம் படத்தைப் பலகையில் செருகிக்கொண்டு, மழையிலும் குளிரிலும் வீதி வீதியாகச் சுற்றுகிறான். மாலையில் வீடு திரும்பித் தன்னைப் போன்ற இன்னொருவனோடு உட்கார்ந்து வழிகளை வாய்விட்டு ஒப்பிக்கிறான். ஒருவன் சொல்ல மற்றவன் படத்தைப் பார்த்துத் திருத்துவான். படத்தின் மேல் ஓர் இடத்திலிருந்து மற்றோர் இடத்துக்கு நூல் பிடித்து, அந்நூலை விட்டு அதிகம் விலகாத வழி எதுவென்று பார்ப்பதும் அவர்களது பழைய வழக்கம். பிறகு பரீக்ஷகர் முன் சென்று நிற்க வேண்டும். கோட்டும் டையும் அணிந்து, மரியாதையோடு உட்கார வேண்டும். பரீக்ஷகர் இரண்டு இடங்களின் பெயரைச் சொல்வார். அவை எந்தெந்த வீதியில் உள்ளன என்று முதலில் கூறி, பின்பு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் வழியை வீதி பிசகாமல், திருப்பம் பிசகாமல், ஒருவழிப் பாதை தப்பாமல் சொல்ல வேண்டும். கையில் படம் கிடையாது. ஆரம்பத்தில் 56 நாட்களுக்கொரு முறை, தேறத் தேற 28 நாட்களுக்கொரு முறை, கடைசியில் 21 நாட்களுக்கொரு முறை என்று இவ்விசாரணை நடைபெறும். தவறினால் பின்னுக்குத் தள்ளப்படுவதும் உண்டு. மொத்தத்தில் மூன்று நான்கு வருஷங்கள் ஆகிவிடுகின்றன. பி.எல். பட்டம் இதைவிடச் சுலபமாக வந்துவிடும் என்று கூற நமக்குத் தகுதியுண்டு.

இவ்வளவு பாடுபடுகிறவனுக்கு ஸாப்ட்வேர் செய்யும் உதவி சாமான்யமானதன்று. முன்பு மேஜையின் மேல் நூல் பிடித்துச் செய்த காரியத்தைத் திரை கண நேரத்தில் செய்து காட்டுகிறது. 320 வழிகளும் வர்ணக் கோடுகளாய் எழுகின்றன. ஓரிடத்தைத் தொட்டால் அதைச் சுற்றியுள்ள கட்டடங்கள் தெரிகின்றன. பகலெல்லாம் வேறு கூலி வேலை செய்து, இரவில் மாத்திரம் படிக்க முடிந்த குடும்பஸ்தனுக்கு, கூட இருந்து ஒப்பிப்பதைக் கேட்க ஆள் அகப்படாத வேளையில், யந்திரமே கேள்வி கேட்டு விடையைச் சரிபார்க்கிறது. ஓயாமல், அலுத்துக்கொள்ளாமல், பிரம்பெடுக்காமல் பாடம் நடத்தும் இந்த உபாத்தியாயரை நாம் வரவேற்காமல் என்ன செய்வது?

ஆயினும் ஓர் அபாயம் இல்லாமற் போகவில்லை. திரையில் கண்ட கோட்டைக் கிளிப்பிள்ளைபோல் ஒப்பிக்கக் கற்றவனுக்கு, வீதியில் இறங்கியதும் திகைப்பு உண்டாகிறது. எந்த மூலையில் எந்தக் கட்டடம் நிற்கிறது, வாயில் எந்தப் பக்கம், எங்கே வண்டியை நிறுத்தி ஆளை இறக்கலாம் என்பவை காலால் மிதித்தும் கண்ணால் பார்த்தும் மாத்திரமே நிலைக்கக்கூடியவை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது என்று நம் பெரியோர் சொன்னது திரைச் சுரைக்காய்க்கும் பொருந்தும். பரீக்ஷகர்களும் புஸ்தகத்து வழியோடு நிற்பதில்லை. எங்கோ ஒரு சந்தில் உள்ள இடத்தைக் கேட்பார்கள். ஆகவே ஸாப்ட்வேர் வைத்திருக்கிறவனும் மோட்டார் ஸைக்கிளில் ஏறி நனைய வேண்டியதுதான்.

இனி, இப்பாடுபடுதலால் மனிதனுக்கு என்ன உண்டாகிறது என்பதைப் பற்றி விஞ்ஞானிகள் கண்டறிந்தவை மிகவும் ரஸமானவை. லண்டன் யூனிவர்ஸிடி காலேஜில் ஆராய்ச்சி செய்து வந்த எலினார் மகுவைர் என்ற அம்மையாரும் அவரது சகாக்களும் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், அந்நகர டாக்ஸிக்காரர்களின் மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியின் பின்பாகம் மற்றவர்களுடையதைவிடப் பெரிதாயிருப்பதைக் காட்டினார்கள். மூளை அவ்விதம் அமைந்தவர்கள்தாம் இத்தொழிலுக்கு வருகிறார்களோ என்ற ஆக்ஷேபம் எழுந்தது. நியாயமான ஆக்ஷேபமே. அதற்கு விடை 2011-ல் கிடைத்தது. 79 மாணாக்கர்களை ஆரம்பத்திலேயே பரிசோதித்து வைத்துக்கொண்டு, சில வருஷங்கள் கழித்து மீண்டும் பார்த்தார்கள். அவர்களில் 39 பேர் பரீக்ஷையில் தேறியிருந்தனர். தேறியவர்களுக்கு மாத்திரமே அப்பகுதி வளர்ந்திருந்தது. தேறாதவர்களுக்கு மாறுதலே இல்லை. ஆரம்பத்தில் இரு சாராருக்கும் பேதமும் இல்லை. இதற்கு ஒரு விலையும் உண்டு; சில வேறு வகை ஞாபகப் பரீக்ஷைகளில் டாக்ஸிக்காரர்கள் மற்றவர்களைவிடச் சற்றுப் பின்தங்குவதாகவும் அதே ஆராய்ச்சியாளர் கண்டனர்.

இவற்றிற்கிடையே 2006-ல் வெளியான ஒரு சிறு ஆராய்ச்சியே நம் மனத்தில் அதிகமாகத் தைத்தது. அதே லண்டனில், அதே நெருக்கடியில், அத்தனையே வருஷங்கள் வண்டி ஓட்டிய பஸ் டிரைவர்களைப் பரிசோதித்ததில் அவர்களுக்கு இவ்வளர்ச்சி காணப்படவில்லை. ஏனெனில் பஸ் டிரைவர் போகும் வழி பிறர் வகுத்த வழி. 2017-ல் சோஹோ வட்டாரத்து வீதிகளைத் திரையில் காட்டி 24 பேரைக்கொண்டு நடத்திய மற்றோர் ஆராய்ச்சியில், தாமே வழி தேடியவர்களின் ஹிப்போகாம்பஸ் ஒவ்வொரு வீதி முனையிலும் விழித்துக்கொண்டதும், யந்திரத்தின் உத்தரவுப்படி திரும்பியபோது அது சும்மா கிடந்ததும் தெரியவந்தன.

இப்பொழுது மேஸ்திரி விஷயத்துக்கு வருவோம். ஊபர் கம்பெனி லண்டனில் 2012-ல் தொழில் தொடங்கிற்று. வீதியில் கை காட்டினால் ஏற்றிச்செல்லும் உரிமையும் கட்டண மீட்டர் வைத்துக்கொள்ளும் உரிமையும் அந்நாட்டுச் சட்டப்படி கறுப்பு டாக்ஸிக்கு மாத்திரமே உண்டு. ஊபர் சாரதியின் டெலிபோனும் ஒரு மீட்டர்தானே என்று வழக்கு எழுந்தது. 2015-ஆம் ஆண்டு அக்டோபரில் ஹைக்கோர்ட்டார் அதை மீட்டரன்று எனத் தீர்ப்பளித்தனர். காரணம் என்ன? வண்டியிலுள்ள கருவி தான் எங்கிருக்கிறது என்பதை மட்டும் தெரிவிக்கிறது. கட்டணக் கணக்கு வண்டிக்கு வெளியே எங்கோ உள்ள கம்ப்யூட்டரில் நடைபெறுகிறது என்பதே. சட்ட வியாக்கியானம் என்ற முறையில் இத்தீர்ப்பில் நாம் குறை காணவில்லை. ஆனால் அதன் பொருளைச் சற்று எண்ணிப் பாருங்கள். வழியும் வண்டிக்குள் இல்லை. கணக்கும் வண்டிக்குள் இல்லை. வண்டிக்குள் எஞ்சி நிற்பவை இரண்டு கைகளும் ஒரு காலுமே.

2021 பிப்ரவரியில் அந்நாட்டு சுப்ரீம் கோர்ட்டார் அளித்த தீர்ப்பு இதை இன்னும் தெளிவாக்கிவிட்டது. இச்சாரதிகள் தத்தமக்கென்று தொழில் செய்கிறவர்கள் என்று கம்பெனி வாதாடிற்று. கட்டணத்தை நிர்ணயிப்பவர் யார், ஒப்பந்தத்தை எழுதுபவர் யார், சவாரியை மறுத்தால் தண்டிப்பவர் யார் என்று ஒவ்வொன்றாக ஆராய்ந்த நீதிபதிகள், அவர்கள் சட்டப்படி தொழிலாளிகளே என்று முடிவு செய்தனர். வழி காட்டும் ஸாப்ட்வேரும் அவ்வாராய்ச்சியில் இடம்பெற்றது. அது காட்டும் வழியில்தான் போக வேண்டுமென்ற கட்டாயமில்லை. ஆனால் பிரயாணியின் சம்மதமின்றி விலகிப் போனால் நஷ்டம் சாரதியின் தலையில் என்பதை நீதிபதிகள் எடுத்துக்காட்டியிருக்கின்றனர். படம் கம்பெனியின் சொத்து. அப்படத்தின் மூலமே ஆதிக்கம். 1802-ல் பரங்கிமலையருகே லாம்டன் என்ற துரை சங்கிலி போட்டு அளக்கத் தொடங்கியபோது, அளவு யார் கையிலோ ஆட்சி அவர் கையில் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தார்களோ என்னவோ!

கறுப்பு டாக்ஸிக்காரனின் நிலை வேறு. எஜமானன் என்று ஒருவர் அவனுக்கு வழி சொல்வதில்லை. ஸாப்ட்வேர் அவனுக்கு ஆசானாயிருந்தது. பரீக்ஷை முடிந்ததும் விலகிக்கொண்டது. கற்றது அவன் தலைக்குள் தங்கிவிட்டது. அதைக் கம்பெனி திரும்பக் கேட்க முடியாது. இரவோடிரவாக அவன் பெயரை அடித்துவிட்டு அதைப் பறிமுதல் செய்யவும் முடியாது.

இதைக் கூறுவதால் அப்பரீக்ஷை குற்றமற்றதென்று நாம் சாதிப்பதாக எண்ண வேண்டாம். மூன்று நான்கு வருஷம் சம்பாத்தியத்தைக் குறைத்துக்கொண்டு படிக்க ஏழைக்கு எளிதில் இயலாது. ஸ்திரீகள் அத்தொழிலில் மிகச் சொற்பம். கட்டணமும் அதிகம், அதனால்தான் ஜனங்கள் கூட்டங்கூட்டமாக மறுபக்கம் சென்றார்கள். சில வருஷங்களுக்கு முன் சுமார் 25,000 ஆக இருந்த டாக்ஸிக்காரர் தொகை 20,000-க்கும் கீழே இறங்கிவிட்டது. பரீக்ஷையின்றி வாடகைக் கார் ஓட்டுகிறவர்களோ 1 லக்ஷத்துக்கும் மேல். அவர்களில் பெரும்பாலோர் பல தேசங்களிலிருந்து பிழைக்க வந்த எளிய மக்கள். நுழைவாயிலை இடுக்கமாக வைத்திருந்தவர்கள் அதன் பலனை அனுபவிக்கிறார்கள் என்று சொல்வோருக்கும் நியாயம் இல்லாமலில்லை. படிக்கும் காலத்தைச் சுருக்கவும் செலவைக் குறைக்கவும் அந்த யந்திர உபாத்தியாயரே வழி செய்யக்கூடும் என்பதால்தான் நாம் அவர் கட்சி பேசுகிறோம்.

இதே ஊபர் கம்பெனி 2013-ல் நம் நாட்டிலும் கால் வைத்தது. நமது பார்லிமெண்டு 2020-ல் நிறைவேற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இத்தகைய தொழிலாளர்களை மரபான எஜமான்–சேவகர் உறவுக்குப் புறம்பே வேலை செய்பவர்கள் என்று வர்ணிக்கிறது. லண்டன் நீதிபதிகள் எந்தத் திரையை விலக்கிப் பார்த்தார்களோ அந்தத் திரையை நம்மவர் சட்டத்திலேயே தொங்கவிட்டிருக்கின்றனர். சென்னைச் சாரதிகளின் சங்கத்தார் கூலி விகிதத்தையும் கமிஷனையும் பற்றிக் கோரிக்கை எழுதும்போது இரண்டு வரிகள் கூடச் சேர்த்துக்கொள்ளட்டும்: பிரயாணியும் சாரதியும் ஒத்துக்கொண்ட வழியில் சென்றதற்காகக் கூலியில் பிடித்தம் கூடாது, நகரத்தைக் கற்க விரும்பும் சாரதிக்கு, கம்பெனியைச் சாராத பாட ஸாப்ட்வேர் ஒன்றைச் சர்க்கார் செலவிலேயே தமிழில் தயாரித்துக் கொடுக்க வேண்டும்.