பாட்டு கேட்டா ஒண்ணுமே தோணலையா? நீங்க 'ரசனை கெட்ட' ஆள் இல்லை!

விருதுநகர்ல இருந்து சிவகாசி பஸ் ஏறுறீங்க. டிரைவர் இளையராஜா பாட்டைப் போட, திருத்தங்கல் வர்றதுக்குள்ள பாதி பஸ் முணுமுணுக்க ஆரம்பிச்சிடுது. உங்களுக்கு மட்டும் அது ஃபேன் ஓடுற சத்தம் மாதிரி அதுபாட்டுக்கு ஓடிக்கிட்டிருக்கு. இதை வெளியில சொன்னா, "ராஜா பாட்டு பிடிக்காதா? நீயெல்லாம் மனுஷனா?"னு கேட்பாங்க. அதுக்குப் பயந்தே தலையாட்டி ரசிக்கிற மாதிரி நடிக்கிறவங்க உண்டு.

நடிக்க வேண்டியதில்லை. இதுக்கு 'மியூசிக்கல் அன்ஹெடோனியா'னு பேரே இருக்கு. 100 பேர்ல 3 முதல் 5 பேர் வரை இப்படி இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. அந்த பஸ்லயே இன்னொருத்தர் இருக்க வாய்ப்பிருக்கு!

பார்சிலோனா ஆய்வாளர்கள் 2014-ல் 30 பேரைச் சோதிச்சாங்க. இசையில் ஈடுபாடு இல்லாதவங்களுக்குப் பாட்டு போட்டப்போ இதயத்துடிப்பு அசையவே இல்லை. அதே ஆட்களைப் பணம் ஜெயிக்கிற விளையாட்டுல உட்கார வெச்சா, மத்தவங்க மாதிரியே படபடப்பு. ஆக, சந்தோஷப்படுற திறன்ல குறையில்லை. 2016-ல் மூளையை ஸ்கேன் செஞ்சப்போ விஷயம் புரிஞ்சது. ஒலியை உணரும் பகுதிக்கும், இன்பத்தைத் தரும் பகுதிக்கும் இடையே தொடர்பு கம்மி. சிவகாசி பாஷையில சொன்னா, வெடியில மருந்து இருக்கு, கையில ஊதுபத்தியும் எரியுது, திரிதான் நமத்துப்போச்சு.

இதுல பிறவிக்கும் பங்குண்டு. ஸ்வீடன்ல 9,000-க்கும் மேற்பட்ட இரட்டையர்களை ஆராய்ந்து 2025-ல் வெளியான ஆய்வு, இசையை ரசிப்பதில் ஆளுக்கு ஆள் இருக்கும் வித்தியாசத்துல சுமார் 54 சதவிகிதம் மரபணு சார்ந்ததுனு சொல்லுது.

பங்குனிப் பொங்கலுக்கு வீட்டு வாசல்ல கட்டின ஸ்பீக்கரைப் பார்த்து எரிச்சல் வந்தா, அது வேற. அங்கே பிரச்னை பாட்டு இல்லை, சத்தம். மெட்டு வித்தியாசமே பிடிபடாத 'அமியூசியா'வும் வேற.

ஒண்ணை மட்டும் கவனிங்க. முன்னாடி பாட்டுன்னா உயிரா இருந்து, இப்போ திடீர்னு பிடிக்காமப்போயி, சாப்பாடு, ஃப்ரெண்ட்ஸ், தூக்கம்னு எல்லாமே வெறுத்துப்போச்சா? ரெண்டு வாரத்துக்கு மேல இப்படியே இருந்தா மனச்சோர்வா இருக்கலாம். டாக்டரைப் பாருங்க. தயக்கமா இருந்தா, மத்திய அரசின் 'டெலி மானஸ்' எண் 14416-க்கு இலவசமா கூப்பிட்டு, தமிழ்லயே பேசலாம்.