தாம்பரம் பகுதி நீரின் கடினத்தன்மை

தாம்பரம் பகுதி நீரின் கடினத்தன்மை என்பது சென்னையின் தெற்குப் புறநகர்ப் பகுதிகளான தாம்பரம், சேலையூர், செம்பாக்கம், சிட்லபாக்கம், குரோம்பேட்டை, பல்லாவரம் முதலிய இடங்களில் வீடுகளுக்குக் கிடைக்கும் நீரில், குறிப்பாக நிலத்தடி நீரில், கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் உப்புகள் மிகுதியாகக் கரைந்திருப்பதைக் குறிக்கும். பேச்சு வழக்கில் இந்நீர் "உப்புத் தண்ணீர்" எனப்படுகிறது. எனினும் உவர்ப்பும் கடினத்தன்மையும் ஒன்றல்ல. சோடியம் குளோரைடு மிகுந்த நீர் உவர்க்கும். ஆனால் அது கடின நீராக இருக்க வேண்டியதில்லை. சுவையில் உவர்ப்புத் தெரியாத நீரும் மிகக் கடினமாக இருக்கலாம். இவ்வேறுபாட்டை அறிந்த பின்னரே தகுந்த சுத்திகரிப்பு முறையைத் தெரிவு செய்ய இயலும்.

வகைகளும் அளவீடும்

கடினத்தன்மை இரு வகைப்படும். கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் பைகார்பனேட்டுகளால் உண்டாவது தற்காலிகக் கடினத்தன்மை. நீரைக் கொதிக்க வைத்தால் இவை கார்பனேட்டுகளாக மாறிப் படிந்துவிடும். சல்பேட்டு, குளோரைடு உப்புகளால் உண்டாவது நிரந்தரக் கடினத்தன்மை. இது கொதிக்க வைப்பதால் நீங்காது.

கடினத்தன்மை, கால்சியம் கார்பனேட்டுக்கு இணையான அளவாக, லிட்டருக்கு மில்லிகிராம் என்ற அலகில் கூறப்படுகிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரநிலை (ஐ.எஸ். 10500, 2012), 200 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், மாற்று நீர் ஆதாரம் இல்லாதபோது 600 மில்லிகிராமை உச்ச வரம்பாகவும் வைத்துள்ளது.

வீடுகளில் பயன்படும் பேனா வடிவ டி.டி.எஸ். மானி நீரின் மின்கடத்துதிறனைக் கொண்டு மொத்தக் கரை உப்புகளை மதிப்பிடுகிறது. அவற்றுள் கால்சியம் எவ்வளவு, சோடியம் எவ்வளவு என்பதை அது காட்டாது. கடினத்தன்மையை அறிய, ஈ.டி.டி.ஏ. கரைசலைத் துளித்துளியாகச் சேர்த்து நீரின் நிறம் சிவப்பிலிருந்து நீலமாக மாறும் நிலையைக் காணும் சோதனை தேவை.

நீர் மூலங்களும் நிலவியலும்

இப்பகுதி வீடுகள் பலவற்றில் இரு வகை நீர் புழங்குகிறது. உள்ளாட்சி அமைப்பு வழங்கும் குழாய் நீர் குடிக்கவும் சமைக்கவும், சொந்த ஆழ்துளைக் கிணற்று நீர் குளிக்கவும் துவைக்கவும் பயன்படுகின்றன. தாம்பரம், பல்லாவரம் முதலிய ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் 2021 ஆம் ஆண்டில் இணைக்கப்பட்டுத் தாம்பரம் மாநகராட்சி உருவானது. பாலாற்றுப் படுகை நீர் இப்பகுதியின் நெடுநாளைய குடிநீர் ஆதாரங்களுள் ஒன்றாகும்.

பல்லாவரம், தாம்பரம் பகுதிகளின் அடிநிலத்தில் சார்னோக்கைட்டு என்னும் கடும்பாறை உள்ளது. கொல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் காணப்படும் கல் இவ்வகையைச் சேர்ந்ததால் இப்பெயர் ஏற்பட்டது. இப்பாறையில் நீர், சிதைந்த மேலடுக்கிலும் வெடிப்புகளிலும் மட்டுமே தங்கும். மண்ணிலுள்ள கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு இறங்கும் மழைநீர், பாறைக் கனிமங்களிலிருந்து கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பெறுகிறது. வெடிப்புகள் இடத்துக்கு இடம் வேறுபடுவதால், அடுத்தடுத்த மனைகளின் கிணற்று நீரும் வேறுபடக்கூடும்.

வீட்டில் ஏற்படும் விளைவுகள்

துவைத்தல்: சோப்பு கால்சியத்துடன் சேர்ந்து கரையாத திரையாகப் படிகிறது, கால்சியம் தீரும் வரை நுரை வராது. கணக்கீட்டின்படி, 400 மில்லிகிராம் கடினத்தன்மையுள்ள ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ இரண்டரை கிராம் சோப்பை வீணாக்கும். 15 லிட்டர் வாளிக்கு இது 35 கிராமுக்கு மேல் ஆகும். சலவைத்தூள்களில் கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பொருள்கள் இருப்பதால் இழப்பு குறைவு.

நீர் சூடேற்றி: சூடேறும்போது கால்சியம் கார்பனேட்டு வெப்பச் சுருளின் மீது படிகிறது. இப்படிவு வெப்பத்தை எளிதில் கடத்தாது. எனவே மின்செலவு கூடி, சுருளும் விரைவில் பழுதாகிறது.

சமையல்: கால்சியம் பருப்பிலுள்ள பெக்டினுடன் பிணைவதால் பருப்பு குழைய நேரமாகிறது. தேநீரின் மேல் மெல்லிய ஏடு படர்வதும் இதனாலேயே.

குழாய்களும் தரையும்: குழாய் முனை, பூவாளி, ஓடு ஆகியவற்றில் வெண்கறை படிகிறது. எலுமிச்சைச் சாறு அல்லது வினிகர் இதனைக் கரைக்கும். அமிலத்துடன் பிளீச்சிங் பவுடரைச் சேர்க்கக்கூடாது. நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு வெளிப்படும்.

உடல்நலம்

உலக சுகாதார அமைப்பு கடினத்தன்மைக்கு உடல்நலம் சார்ந்த வரம்பு எதனையும் விதிக்கவில்லை. கால்சியமும் மக்னீசியமும் உடலுக்குத் தேவையானவை. கடின நீர் சிறுநீரகக் கல்லை உண்டாக்கும் என்ற பரவலான கருத்து உறுதியாக நிறுவப்படவில்லை. எனவே கடின நீரால் நேரும் இழப்பு பெரும்பாலும் பொருட்செலவு சார்ந்தது. கழிவுநீர் கலப்பால் வரும் நோய்க்கிருமிகள் இதனினும் பெரிய தீங்காகும். தெளிவும் சுவையும் அவற்றின் இன்மைக்குச் சான்றாகா.

மென்மையாக்கும் முறைகள்

படிகாரமும் குளோரினும் கடினத்தன்மையைக் குறைப்பதில்லை. சலவைச் சோடா துவைக்கும் நீருக்கு ஏற்ற எளிய வழியாகும்.

அயனிப் பரிமாற்றக் கருவி கால்சியத்தையும் மக்னீசியத்தையும் எடுத்துக்கொண்டு சோடியத்தைத் தருகிறது. இதனால் மொத்தக் கரை உப்பு குறைவதில்லை. 400 மில்லிகிராம் கடினத்தன்மையுள்ள நீரை முழுதும் மென்மையாக்கினால் லிட்டருக்கு 184 மில்லிகிராம் சோடியம் கூடும். ஆகவே உப்பைக் குறைக்குமாறு மருத்துவர் அறிவுறுத்தியோர் இந்நீரைக் குடிப்பது நன்றன்று. எதிர் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) கருவி எல்லா உப்புகளையும் பெருமளவு நீக்கும், ஆனால் உள்ளே செலுத்தப்படும் நீரில் பெரும்பகுதியைக் கழிவாக வெளியேற்றும். இதனால் குளிக்கவும் துவைக்கவும் அயனிப் பரிமாற்றமும், உவர்ப்பு மிகுந்த நீரைக் குடிக்க ஆர்.ஓ. முறையும் பொருந்தும்.

கழிவு உப்பும் நிலத்தடி நீரும்

மேற்கண்ட இரு கருவிகளும் உப்பை அழிப்பதில்லை, இடம் மாற்றுகின்றன. மேற்கூறிய நீரில் 1000 லிட்டரை மென்மையாக்கிய பின் கருவியைப் புதுப்பிக்கக் கோட்பாட்டளவில் 468 கிராம் உப்பு வேண்டும். நடைமுறையில் இன்னும் கூடுதலாகும். பாதாளச் சாக்கடை இணைப்பில்லாத மனைகளில் இவ்வுப்புநீர் நிலத்துக்குள் இறங்கி, அதே கிணற்றையோ அண்டை வீட்டுக் கிணற்றையோ சென்றடையலாம்.

கிணற்று நீரின் உப்புச் செறிவை அதன் மூலத்திலேயே குறைக்க வல்லது மழைநீர். தமிழ்நாட்டில் 2003 ஆம் ஆண்டில் அனைத்துக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. கூரை நீரை வடிகட்டிக் கிணற்றுக்குள் செலுத்துவதும், சேலையூர், செம்பாக்கம், சிட்லபாக்கம், மாடம்பாக்கம் ஏரிகளில் வடகிழக்குப் பருவமழை நீரைத் தேக்குவதும் நிலத்தடி நீரை நீர்த்துப்போகச் செய்ய உதவும். ஆனால் பாறை வெடிப்புகளில் ஒரு வீடு சேர்க்கும் நீர் அவ்வீட்டின் எல்லைக்குள் நிற்பதில்லை. ஆதலால் தெரு முழுவதும் சேர்ந்து செய்யும்போதே இதன் பயன் தெளிவாகத் தெரியும்.