மூடப்போகும் கடையில் புதுக் கணக்கா?

விமான நிறுவனமும் வங்கியும் சேர்ந்து தரும் கிரெடிட் கார்டு நிற்கப்போகிறது என்று செய்தி வந்த பிறகும் விண்ணப்பிக்கலாமா? ஜெட், விஸ்தாரா அனுபவங்கள் சொல்லும் பதில்: அவசரம் கூடாது; ஆனால் கணக்குப் போட்டால் சில சமயம் லாபம்தான்.

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாக சுமார் 60 கி.மீ. போனால் பொன்முடி. கல்லாறைத் தாண்டியதும் 22 கொண்டை ஊசி வளைவுகள். மேலே ஏறினால் மூடுபனி, தேயிலைத் தோட்டம், குளிர் காற்று. டில்லியிலோ மும்பையிலோ வேலை பார்க்கும் ஒரு தமிழ்க் குடும்பம், விடுமுறைக்கு இங்கே வர ஆசைப்படுவதாக வைத்துக்கொள்வோம். நாகர்கோவிலில் இருக்கும் பாட்டியையும் அப்படியே பார்த்துவிடலாம். இடிப்பது விமானக் கட்டணம்தான். அப்போதுதான் கண்ணில் படுகிறது அந்த விளம்பரம்: கார்டு வாங்குங்கள், ஒரு டிக்கெட் இலவசம். கூடவே இன்னொரு செய்தி: அந்தக் கார்டு சீக்கிரமே நிறுத்தப்படுகிறது.

வங்கியின் பெயரும் ஒரு வியாபார நிறுவனத்தின் பெயரும் சேர்ந்து பொறிக்கப்பட்ட இந்த வகைக்கு 'கோ-பிராண்டட்' கார்டு என்று பெயர். கடன் கொடுப்பது வங்கி. ஆசை காட்டுவது கூட்டாளி: விமான நிறுவனம், பெட்ரோல் கம்பெனி, கடை. இருவருக்கும் உள்ள ஒப்பந்தம் வாடிக்கையாளருக்குத் தெரியாது, முறியும்போதுதான் தெரியும். சலுகைகளை மாற்றவோ நிறுத்தவோ உரிமை உண்டு என்ற வரி விதிமுறைப் பொடி எழுத்தில் பெரும்பாலும் இருக்கும்.

இரண்டு முடிவுகள்

இந்தியாவில் இப்படிப்பட்ட கார்டுகள் எப்படி முடிந்தன என்று பார்த்தாலே பாதி பதில் கிடைத்துவிடும்.

முதலாவது ஜெட் ஏர்வேஸ். 1993இல் பறக்கத் தொடங்கி, 120க்கு மேற்பட்ட விமானங்கள் வரை வளர்ந்த நிறுவனம். அதன் பெயரில் பல வங்கிகளின் கார்டுகள் இருந்தன. 2019 தொடக்கத்தில் விமானிகளுக்குச் சம்பளம் தாமதமானது. வாடகைக்கு எடுத்த விமானங்கள் ஒவ்வொன்றாகத் தரையில் நின்றன. மார்ச் 25 அன்று நிறுவனர் நரேஷ் கோயல் இயக்குநர் குழுவிலிருந்து விலகினார். ஏப்ரல் 17 இரவு அமிர்தசரஸிலிருந்து மும்பைக்கு வந்த விமானத்தோடு கதை முடிந்தது. அன்று ஜெட்டின் இலவச டிக்கெட்டைக் கையில் வைத்திருந்தவருக்கு ஏற விமானம் இல்லை. பாயின்ட்டுகள் மட்டும் பிழைத்தன. காரணம், அந்தத் திட்டத்தை நடத்தியது தனி நிறுவனம். அதில் எதிஹாட் விமான நிறுவனத்துக்கு 50.1 சதவீதப் பங்கு இருந்தது. அதே ஆண்டு நவம்பரில் அது 'இன்டர்மைல்ஸ்' என்று பெயர் மாற்றிக்கொண்டது.

இரண்டாவது விஸ்தாரா. 2015 ஜனவரியில் தொடங்கியது. டாடாவும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் கூட்டு. 2022 நவம்பர் 29 அன்று, ஏர் இந்தியாவோடு இணைக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. ஆனால் இணைப்பு உண்மையில் நடந்தது 2024 நவம்பர் 12இல். நடுவே ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள். விமானங்கள் பறந்துகொண்டிருந்தன, ஆக்சிஸ், எஸ்பிஐ கார்டு, ஐடிஎஃப்சி ஃபர்ஸ்ட் ஆகியவற்றின் விஸ்தாரா கார்டுகளும் புழக்கத்தில் இருந்தன. செய்தியைப் படித்த மறுநாளே 'இனி எதற்கு' என்று ஒதுங்கியவர், இரண்டு ஆண்டு டிக்கெட்டுகளை இழந்தார். கடைசி மாதத்தில் ஓடிப்போய் விண்ணப்பித்தவர் கட்டணம் கட்டி, அடுத்த சில மாதங்களில் சலுகைகள் கரைவதைப் பார்த்தார்.

இணைப்பு நாளில் கிளப் விஸ்தாரா பாயின்ட்டுகள் ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் ஏர் இந்தியாவின் 'மகாராஜா கிளப்'புக்கு மாறின. ஆனால் கார்டின் உயிர்நாடியான இலவச டிக்கெட்டுகளுக்கு ஆயுள் கொஞ்சம்தான். 2025 மார்ச் இறுதிக்கும் ஏப்ரல் நடுவுக்கும் இடையில் மூன்று நிறுவனங்களும் செலவு இலக்கைத் தொட்டால் தரும் டிக்கெட்டை நிறுத்தின. ஆக்சிஸ், ஏப்ரல் 18 முதல் புதுப்பிக்கப்படும் கார்டுகளுக்கு ஆண்டுக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தது. சலுகை போனது, கட்டணமும் போனது.

ஆக, கேட்க வேண்டிய முதல் கேள்வி: கூட்டாளி நொடிக்கிறாரா, இணைகிறாரா? நொடிக்கும் நிறுவனம் தேதி சொல்லிவிட்டு மூடுவதில்லை. சம்பள பாக்கி, ரத்தாகும் சேவைகள் என்று செய்தி வந்தால் சலுகை எவ்வளவு பெரிதானாலும் விலகி நிற்பதே நல்லது. இணையும் நிறுவனம் அனுமதிகளுக்காகக் காத்திருக்கும். தேதிகள் முன்கூட்டியே தெரியும். அங்கே கணக்குப் போட இடம் இருக்கிறது.

மூன்றாவது வகையும் உண்டு: கூட்டாளி இருப்பார், வங்கி மாறும். அமெரிக்காவின் காஸ்ட்கோ கடைகள் 2016 ஜூனில் அமெரிக்கன் எக்ஸ்பிரஸைக் கைவிட்டு சிட்டி வங்கியின் விசா கார்டுக்கு மாறின. இந்தியாவில் அதே சிட்டியின் கார்டு வியாபாரம் 2023 மார்ச் 1 அன்று ஆக்சிஸ் வங்கியிடம் போனது. வாடிக்கையாளர்கள் 2024 ஜூலைக்குள் ஆக்சிஸ் கார்டுகளுக்கு மாற்றப்பட்டார்கள். இந்த வகையில் கார்டு சாவதில்லை, மறுபிறவி எடுக்கிறது. பழைய கார்டின் சலுகைகளைப் பார்த்து விண்ணப்பிப்பதைவிட, அது எந்தக் கார்டாக மாறும் என்று கேட்பதே புத்திசாலித்தனம்.

ரூபாய்க் கணக்கு

நம் டில்லிக் குடும்பத்துக்கு வருவோம். ஆக்சிஸ் விஸ்தாரா வரிசையில் அடிப்படைக் கார்டின் ஆண்டுக் கட்டணம் 1,500 ரூபாயாக இருந்தது; மேல் படிகளுக்கு 3,000, 10,000. இதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. அடிப்படைக் கார்டுக்கே 1,770 ரூபாய் ஆகிவிடும். பதிலுக்கு ஒரு எகானமி டிக்கெட். அதிலும் 'இலவசம்' என்பது அடிப்படைக் கட்டணம் மட்டும். வரிகளைப் பயணிதான் கட்ட வேண்டும்.

அதே நாளில் திருவனந்தபுரத்துக்கு வேறு விமானத்தில் 5,000 ரூபாய்க்கு டிக்கெட் கிடைக்கிறது, இலவச டிக்கெட்டுக்கு வரி 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 4,000. கார்டுக் கட்டணம் போக, கையில் நிற்பது 2,230 ரூபாய். வவுச்சரில் அச்சிட்ட மதிப்போடு ஒப்பிடக்கூடாது. வேறு வழியில் போனால் கொடுக்க வேண்டிய மிகக் குறைந்த தொகையோடுதான் ஒப்பிட வேண்டும். நான்கு பேர் குடும்பத்தில் ஒருவருக்குத்தான் இந்த மிச்சம் என்பதையும் மறக்கக்கூடாது.

இந்த 2,230ஐ விழுங்க ஒரே ஒரு தவறு போதும். பில்லில் 50,000 ரூபாயைக் கட்டாமல் ஒரு மாதம் தள்ளிப்போட்டால், மாதம் 3.5 சதவீத வட்டியில் 1,750 ரூபாய். அதற்கு ஜிஎஸ்டி 315. மொத்தம் 2,065. பாட்டி வீட்டு டிக்கெட் வங்கிக்கே திரும்பிப் போய்விடும். இலக்கை எட்டுவதற்காகத் தேவையில்லாததை வாங்குகிறவருக்கும் இதே கதிதான். முதல் இலக்கு டிக்கெட்டுக்கே 1.25 லட்சம் ரூபாய் செலவு காட்ட வேண்டியிருந்தது.

நாள் கணக்கு

பணத்தைவிடப் பலரும் கோட்டை விடுவது நாட்களில். விண்ணப்பம் ஏற்கப்பட்டு கார்டு வர இரண்டு வாரம். கட்டணம் பில்லில் ஏறி அதைச் செலுத்த ஒரு மாதத்துக்கு மேல். வவுச்சர் கணக்கில் சேர இன்னும் சில வாரம் என்று வைத்தால், மூன்று மாதம் ஓடிவிடும். அதன் பிறகுதான் டிக்கெட் தேடவே முடியும். பள்ளி விடுமுறையில், ஓணத்தில், பொங்கலில் இலவச இருக்கை சுலபமாக அகப்படாது. நிறுத்தும் தேதிக்கு ஆறு மாதமாவது இல்லையென்றால், புதிதாக விண்ணப்பிப்பவருக்கு வரவேற்பு டிக்கெட் கிடைப்பதும் அதைப் பயன்படுத்துவதும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்த விஷயம்.

இன்னொரு விலையும் உண்டு. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் வங்கி, சிபில் போன்ற நிறுவனங்களிடம் கடன் வரலாற்றைக் கேட்கும். அந்த விசாரணை பதிவாகும். 300 முதல் 900 வரையிலான மதிப்பெண் சற்றுக் குறையலாம். அடுத்த சில மாதங்களில் வீட்டுக் கடனுக்குப் போகிறவர், ஒரு விமான டிக்கெட்டுக்காக இந்தச் சோதனையில் இறங்காமலிருப்பது நல்லது.

வாங்கிய பின்

ஏற்கெனவே கார்டு வைத்திருப்பவருக்குப் பதற்றம் தேவையில்லை. ரிசர்வ் வங்கியின் விதிகள் 2022 ஜூலை 1 முதல் அவர் பக்கம் இருக்கின்றன. கட்டணங்களை மாற்றினால் குறைந்தது ஒரு மாத முன்னறிவிப்பு தர வேண்டும். அந்த மாற்றம் பிடிக்காமல் கார்டை ஒப்படைத்தால், அதற்கெனத் தனிக் கட்டணம் வாங்கக்கூடாது. பாக்கி இல்லாத கார்டை மூடச் சொன்னால் ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் செலவில்லாமல் முறையிடலாம்.

ஆனால் மூடுவதற்கு முன் பாயின்ட்டுகளையும் வவுச்சர்களையும் செலவழித்துவிட வேண்டும். கட்டணம் தள்ளுபடியான பழைய கார்டு என்றால், உடனே மூட அவசியமில்லை. நீண்ட நாள் ஒழுங்காகக் கட்டிய கணக்கு கடன் மதிப்பெண்ணுக்கு நல்லது. கட்டணம் தொடர்ந்தால், அடுத்த புதுப்பிப்புக்கு முன் வெளியேறிவிடலாம்.

புதிதாக விண்ணப்பிப்பவருக்கோ முடிவு மூன்று கேள்விகளில் அடங்கிவிடுகிறது. கூட்டாளி நொடிக்காமல் இணைகிறவர்தானா? நிறுத்தும் தேதிக்கு முன் டிக்கெட் கைக்கு வந்து, பயணமும் முடியுமா? முதல் ஆண்டுச் சலுகையிலேயே கட்டணம் திரும்பிவிடுமா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால் விண்ணப்பிக்கலாம். ஒன்றுக்கு 'தெரியவில்லை' என்றாலும் வேண்டாம். அடுத்த ஆண்டுச் சலுகைகளைக் கணக்கில் சேர்க்கவே கூடாது; அவை யாரும் வாக்குக் கொடுக்காத பணம்.

கல்லாறு சோதனைச் சாவடியிலும் இதே கணக்குதான். மாலைக்குள் மலையைவிட்டு இறங்கிவிட வேண்டும். காலையில் வருகிறவருக்கும், வாசல் மூடுவதற்குச் சற்று முன் வருகிறவருக்கும் நுழைவுக் கட்டணம் ஒன்றுதான். பின்னவர் 22 வளைவுகளையும் ஏறி முடிப்பதற்குள் திரும்பும் நேரம் வந்துவிடும்.