டயப்பர் போட்ட இடம் ஏன் சிவக்கிறது?

குழந்தையின் அடிப்புறம் சிவந்துவிட்டால் வீட்டில் முதலில் திட்டு வாங்குவது சிறுநீர்தான். ஆனால் அது மலத்தோடு சேரும்போதுதான் வம்பே. மலத்திலுள்ள பாக்டீரியாக்களின் யூரியேஸ் நொதி, சிறுநீரின் யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்குகிறது. தோலின் பிஹெச் இயல்பில் சுமார் 5.5, அதாவது லேசான அமிலம்; அம்மோனியா அதை மேலே தள்ளுகிறது. அப்போது, புரதத்தையும் கொழுப்பையும் செரிப்பதற்காகக் குடலில் சுரந்து மலத்தோடு வந்த நொதிகள் சுறுசுறுப்பாகித் தோலையே அரிக்கத் தொடங்குகின்றன. ஈரத்தில் ஊறிய தோல் உரசலையும் தாங்காது. வயிற்றுப்போக்கு வந்தால் ஒரே நாளில் புண்ணாகிவிடுவது இதனால்தான்.

எனவே மலம் கழித்தவுடன் மாற்றுவதே பாதி வைத்தியம். வெதுவெதுப்பான நீரில் கழுவி, பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள்; தேய்க்காதீர்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் போடாமல் காற்றாட விடுங்கள். (பாய் நனைந்தால் நனையட்டும்.) பிறகு ஜிங்க் ஆக்சைடு களிம்போ வாசலினோ கனமாகப் பூசுங்கள். அது தோலுக்குள் இறங்க வேண்டியதில்லை, ஈரம் படாமல் மறித்து நின்றாலே போதும். அதனால் அடுத்த முறை அழுக்கான மேற்பூச்சை மட்டும் துடையுங்கள், முழுக்கச் சுரண்ட வேண்டாம். பவுடர் வேண்டவே வேண்டாம். தூள் மூச்சில் ஏறும்.

தொடை இடுக்கையும் பிரித்துப் பாருங்கள். சாதாரண எரிச்சல் டயப்பர் உரசும் மேடான இடங்களில்தான் இருக்கும். மடிப்புக்குள்ளும் அடர்சிவப்பாகி, ஓரத்தில் சிறு பொட்டுகள் சிதறியிருந்தால் பெரும்பாலும் கேண்டிடா பூஞ்சை. அதற்குக் களிம்பே வேறு. ஸ்டீராய்டு கலந்ததை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். காய்ச்சல், கொப்புளம், சீழ் இருந்தாலோ, இரண்டு மூன்று நாளில் குறையாவிட்டாலோ குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.