செஞ்சி மழையும் பீட்டர் இங்கிலீஷும்!

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிடுச்சு. 'மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்' என்ற பேரில் சேர்ந்த 12 கோட்டைகளில், தமிழ்நாட்டில் இருப்பது இது ஒண்ணுதான். நீங்க செஞ்சி ஏரியா ஸ்டூடன்ட்டா? அப்போ ராஜகிரி அடிவாரத்தில் ஒரு வெளிநாட்டுக்காரர் உங்களை நிறுத்தி, தேசிங்குராஜன் கதைக்கு முன்னாடி இதைத்தான் கேட்பார்: "மேலே மழை எப்படி? ஏறலாமா?"

பதில் தெரியும். இங்கிலீஷ்தான் தொண்டையில் மாட்டும். கவலையை விடுங்க பாஸ், மேட்டர் ரொம்ப சிம்பிள்!

டம்மி பீஸ் 'இட்'

தமிழில் 'மழை பெய்யுது'ன்னா, பெய்யறது மழை. அதையே அப்படியே தூக்கிட்டுப் போய் 'ரெயின் இஸ் கமிங்'னு சொல்றோம். ஆனா இங்கிலீஷ் வாக்கியத்துக்கு முன்சீட்டில் ஒரு எழுவாய் கட்டாயம் வேணும். அதுக்காக உட்கார வெச்ச டம்மி பீஸ்தான் 'இட்'. 'இட் இஸ் ரெயினிங்', 'இட் இஸ் ஹாட்', 'இட் இஸ் விண்டி'. இந்த 'அது' எதுன்னு தேடாதீங்க, ஒண்ணுமே கிடையாது!

ரெயின், விண்ட் மாதிரி பெயர்ச்சொல் வந்தா மட்டும் 'தேர்' போடுங்க: 'தேர் வாஸ் ஹெவி ரெயின்'. இன்னொண்ணு, தமிழில் மழையும் 'பலத்த', காற்றும் 'பலத்த'. இங்கிலீஷில் மழைக்கு 'ஹெவி', காற்றுக்கு 'ஸ்ட்ராங்'. மாத்திப் போட்டா காதில் உறுத்தும்.

கண்ணாடி ஃபார்முலா

'நேத்து - செஞ்சியில - பலமா - பெஞ்சுது.' இதை இப்போ கடைசியிலிருந்து படிங்க. 'இட் ரெயின்ட் - ஹெவிலி - இன் செஞ்சி - யெஸ்டர்டே.' அவ்வளவுதான்! நம்ம வரிசை எப்போ, எங்கே, எப்படி. அவங்க வரிசை எப்படி, எங்கே, எப்போ. கண்ணாடியில் பார்க்கிற மாதிரி அப்படியே திரும்பி நிக்குது.

இடம், நேரத்துக்கும் இதே கதைதான். நாம 'செஞ்சி பஸ் ஸ்டாண்டில்' என்போம். அவங்க 'அட் த பஸ் ஸ்டாண்ட் இன் செஞ்சி' என்பாங்க. நமக்குப் பெரிசு முதலில், அவங்களுக்குச் சின்னது முதலில். 'திங்கட்கிழமை ஆறு மணிக்கு' என்பது 'அட் சிக்ஸ் ஆன் மண்டே' ஆகிடும்.

எங்கே உஷார்?

* 'யெஸ்டர்டே' மாதிரி நேரம் காட்டும் வார்த்தையை வாக்கியத்தின் முதலிலும் போடலாம். நடுவில் சொருகாதீங்க.

* போறது, வர்றதுன்னா இடம் முந்திக்கும்: 'வி வென்ட் டு த ஃபோர்ட் பை பஸ் யெஸ்டர்டே'.

* யூஷுவலி, ஆஃபன், நெவர் கோஷ்டி வினைக்கு முன்னாடி நிக்கும்: 'இட் ஆஃபன் ரெயின்ஸ் இன் நவம்பர்'. 'இஸ்' வந்தா அதுக்குப் பின்னாடி: 'இட் இஸ் யூஷுவலி ஹாட் இன் மே'. கத்திரி வெயிலில் பாறை ஏறினவங்களுக்கு இது மறக்கவே மறக்காது!

* பெரிய ஆபத்து 'ஹார்ட்லி'. 'இட் இஸ் ரெயினிங் ஹார்ட்' என்றால் கொட்டோ கொட்டுன்னு கொட்டுது. 'இட் இஸ் ஹார்ட்லி ரெயினிங்' என்றால் மழையே இல்லாத மாதிரி. நீங்க ரெண்டாவதைச் சொல்லி, அவர் நம்பி வழுக்குப் பாறையில் ஏறினா என்ன ஆகும்? கிராமர் தப்பு கால் முறிவில் முடியும்!

இப்போ உங்க டர்ன்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. நம்ம விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. இன்டர்வியூவில் 'உங்க ஊரைப் பற்றிச் சொல்லுங்க' என்றால், மனப்பாடக் கட்டுரை வேண்டாம். நீங்களே நனைஞ்ச அந்த மழையைச் சொல்லுங்க. முதலில் மனசுக்குள் தமிழில் சொல்லி, பிறகு பின்னாலிருந்து திருப்புங்க. தமிழில் யோசிக்கிறது குறை இல்லை பாஸ். பாதி வேலை அங்கேயே முடிஞ்சிருக்கு.

தினமும் காலேஜ் பஸ் ஏறும்போது வானத்தைப் பார்த்து ஒரே ஒரு வாக்கியம். ஒரு மாசம் ட்ரை பண்ணுங்க. அப்புறம் யாராவது 'என்னடா, பீட்டர் விடுறே?'ன்னு கேட்டா, சிரிச்சுக்கிட்டே அவங்களுக்கும் கண்ணாடி ஃபார்முலாவைச் சொல்லிக் கொடுங்க!