ரத்தத்தில் மிதக்கும் டி.என்.ஏ. எங்கிருந்து வருகிறது?

அம்பத்தூரிலும் ஆவடியிலும் கர்ப்பிணிகளுக்கு டாக்டர்கள் எழுதிக்கொடுக்கும் 'என்.ஐ.பி.டி.' பரிசோதனைக்குத் தாயின் கையில் எடுக்கும் ரத்தமே போதும்; அதில் மிதக்கும் டி.என்.ஏ.வைப் படித்து, கருவுக்குக் குரோமோசோம் கோளாறு இருக்குமா என்று கணிக்கிறார்கள். உட்கருவுக்குள் இருக்க வேண்டிய டி.என்.ஏ. ரத்தத்துக்கு எப்படி வந்தது? பெரும்பாலும் செத்த செல்களிலிருந்துதான். துண்டுகளின் நீளமே அதற்குச் சாட்சி. பம்பரத்தில் கயிறு சுற்றியதுபோல டி.என்.ஏ. புரத உருளைகளில் சுற்றிக் கிடக்கிறது. உருளைக்கு 147 கார இணைகள் (டி.என்.ஏ. ஏணியின் படிகள்), அடுத்த உருளை வரை ஒரு சிறு இணைப்பு. திட்டமிட்டு மடியும் செல்லில் நொதிகள் அந்த இணைப்புகளை வெட்டுகின்றன. உருளையை ஒட்டிய பகுதி தப்புகிறது. ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவில் அதிகம் கிடைப்பவையும் சுமார் 166 கார இணை நீளத் துண்டுகளே. தாறுமாறாக உடைந்திருந்தால் இந்த ஒழுங்கு வராது.

உயிருள்ள செல்களும் வெளியிடலாமே என்று கேட்கலாம். ஆய்வகத்தில் வளர்த்த செல்களில் அதைப் பார்த்திருக்கிறார்கள். காயத்தில் நசியும் செல்கள் நீண்ட துண்டுகளையும் கொட்டுகின்றன. ஆனால் அந்த 166-ஐ அவை விளக்குவதில்லை. அன்றாடம் இத்தனை செல்கள் செத்தும் மில்லிலிட்டருக்குச் சில நானோகிராம் மட்டும் இருப்பானேன்? விழுங்கு செல்களும் கல்லீரலும் உடனுக்குடன் துடைத்துவிடுகின்றன. பிரசவத்துக்குப் பின் தாயின் ரத்தத்தில் கருவின் டி.என்.ஏ. சராசரியாக 16 நிமிடத்தில் பாதியாகிறது என்று 1999-இல் ஹாங்காங்கில் டென்னிஸ் லோ குழு கண்டது. ஆக, ரத்தம் காட்டுவது சற்று முன் நடந்த மரணங்களை. யாருடையவை? ஆரோக்கியமானவர்களிடம் பாதிக்கு மேல் வெள்ளணுக்களுடையவை என்கிறது 2018-இல் வெளியான இஸ்ரேல் ஆய்வு.

இந்த வெள்ளணுக்களால்தான் சிக்கல். சாதாரண ஊதா மூடி டியூபில் ரத்தம் நெடுநேரம் நின்றால் அவை டியூபுக்குள்ளேயே உடைந்து, கருவின் பங்கை நீர்க்கச் செய்துவிடும். பூந்தமல்லியில் எடுத்த ரத்தம் தொலைவிலுள்ள ஆய்வகத்துக்குப் போவதானால், சில மணி நேரத்தில் பிளாஸ்மாவைப் பிரிக்க வேண்டும். இல்லையேல் செல்களை உடையாமல் காக்கும் தனி டியூப் வேண்டும். இன்னொன்று இதைவிட முக்கியம்: கருவுடையது என்று நாம் சொல்லும் டி.என்.ஏ., உண்மையில் நஞ்சுக்கொடியில் மடிந்த செல்களுடையது. நஞ்சுக்கொடியில் கோளாறு இருந்து, குழந்தையிடம் இல்லாமலும் போகலாம். எனவே 'ஹை ரிஸ்க்' என்று ரிப்போர்ட் வந்தாலும், பனிக்குட நீரை எடுத்துக் குழந்தையின் செல்களையே சோதிக்காமல் கருவைக் கலைக்கும் முடிவுக்குப் போகவே கூடாது.